சின்னப்பாலத்துச் சல்யூட்

சிறுகரம்பூருக்குள் நுழைகிற தார் ரோட்டில், ஏரிவாய்க்காலுக்கு மேலே கட்டியிருக்கிற சின்னப்பாலத்தில் காலை வைக்கிற யாராக இருந்தாலும், பால்காரனோ பந்தல்காரனோ, புதுசாகக் கல்யாணமாகி வருகிற பெண்ணோ, கடன்காரனுக்குப் பயந்து ஓடுகிறவனோ, அவர்களுடைய வலது கை தானாக எழும்பி, விரல்கள் ஒட்டி, உள்ளங்கை முன்னால் தெரிய, புருவத்தின் ஓரத்தில் போய் நின்றுவிடும். பாலம் முடிந்ததும் இறங்கிவிடும். வலிக்காது. கூசாது. புது ரோடு போட்ட வருஷத்திலிருந்து இப்படித்தான். ஏன் என்று கேட்டால் ஊரில் பதில் கிடையாது. மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்கவே நேரம் போதாத ஊர் அது.

ஊர் பயப்படாததற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. வேலூர்ப் பக்கத்துப் பட்டாளத்து ஊர்களில் அதுவும் ஒன்று. வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருப்பார்கள், அல்லது இருந்து வந்திருப்பார்கள், அல்லது நடுக்கூடத்தில் மாலை போட்ட போட்டோவாக இருப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்னால் எந்த ரெஜிமெண்ட் என்று கேட்பார்கள். கை தானாக எழும்பி வேறு எதையாவது செய்திருந்தால் பூசாரியைக் கூப்பிட்டிருப்பார்கள். சல்யூட் என்பதால், முழங்கை சரியான உயரத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். இருந்தது. அதோடு விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எல்லாமே பழகிப்போனது. தண்ணீர்க் குடத்தைப் பெண்கள் இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். பைக்காரர்கள், ஆக்ஸிலேட்டர் வலது கையில் இருப்பதால், இறங்கி உருட்டிக்கொண்டே போனார்கள். டவுன் பஸ் டிரைவர் பாலத்துக்கு முன்னால் நிறுத்தி, கும்பிட்டு, கியரை மாற்றி, ஒற்றைக் கையால் ஊர்ந்தார். அந்த இடத்தில் கண்டக்டரிடம் யாரும் சில்லறை கேட்பதில்லை. வரப்புச் சண்டையில் பேச்சை நிறுத்தின அண்ணனும் தம்பியும் எதிரெதிரே வந்து மாட்டிக்கொண்டு, ஒருத்தருக்கொருத்தர் விறைப்பாகச் சல்யூட் அடித்தபடி கடந்துபோக வேண்டியதாயிற்று. கொஞ்ச நாளில் அவமானம் தாங்காமல் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கார்கில் மலையில் வலது கையை விட்டுவிட்டு வந்த நாயக் பொன்னுரங்கத்துக்குச் சட்டையின் வெறும் கை எழும்பி, காற்றடித்த மாதிரி விறைத்து நின்றது. அவரே செத்துப் பாடையில் போனபோதும் அந்தச் சட்டைக்கை, கட்டியிருந்த துணியை விலக்கிக்கொண்டு எழும்பியது. தூக்கிப் போனவர்கள் பாலம் முடிகிறவரை காத்திருந்து, மறுபடி மடித்துக் கட்டினார்கள். ஒரு டிவிக்காரன் வந்தான். பாலத்தில் அவன் கையும் எழும்பிவிட்டதால் கேமராவில் வெறும் வானம்தான் விழுந்தது. வானத்தை எந்தச் சேனலும் வாங்கவில்லை. அதனால்தான் வெளியூருக்கு விஷயம் தெரியாது.

ஊரிலேயே ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் கை வேறு மாதிரி எழும்பியது. கன்னியம்மாளுக்கு.

கன்னியம்மாளுக்கு எண்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. ஆடு வளர்த்து, ஆட்டோடு பேசி, மனுஷரோடு சண்டை போட்டு வாழ்கிறவள். அவளுடைய அப்பன் சுபேதார் முனிரத்தினம், வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய சண்டையில் பர்மாவுக்குப் போனவர். சண்டை முடிகிற சமயத்தில் அவர் சம்பளம் நின்றுபோனது. ஜீப்பில் இரண்டு பேர் வந்து, ஆள் வீட்டுக்கு வந்தானா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அது போதும். ஊர் அவரை ஓடிப்போனவன் என்று முடிவுகட்டியது. பட்டாளத்து ஊரில் திருடனுக்குப் பெண் கொடுப்பார்கள், ஓடிப்போனவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். கன்னியம்மாளின் அம்மா புருஷன் போட்டோவை எடுத்து எங்கேயோ போட்டுவிட்டுச் செத்துப்போனாள். பட்டாளத்து ஆளும் இல்லாத, மாலை போட்ட போட்டோவும் இல்லாத கூடம் ஊரில் அது ஒன்றுதான்.

ரோடு போட்ட புதிதில் ஒருநாள் கன்னியம்மாள் தழைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்தில் கால் வைத்தாள். அவளுக்கு எழும்பியது ஒரு கை இல்லை. இரண்டு கையும், நேராக மேலே, விரல்கள் விரிந்து எழும்பின. தழைக்கட்டு பின்னால் விழுந்தது. முகம் வானத்தைப் பார்க்க, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவள் பாலத்தின் நடுவில் நின்றாள். பாலத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற சம்பங்கிதான் முதலில் கத்தினான்.

"அட, பாருங்கடா! அப்பன் ஓடிப்போனான், பொண்ணு கையத் தூக்கி சரண்டர் ஆவுது!"

கடையே சிரித்தது. சிரித்தவர்களில் ஜெராக்ஸ் கடை எழிலரசியும் ஒருத்தி. கன்னியம்மாள் தட்டுத்தடுமாறிப் பாலத்தைத் தாண்டினாள்; தழைக்கட்டை எடுக்கத் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவள் பாலத்துப் பக்கமே வருவதில்லை. மருந்துக்கும் ரேஷனுக்கும் ஏரிக்கரை மேலே சுற்றிக்கொண்டு, முள்ளுக்குள்ளே புகுந்து, மூச்சு வாங்கிப் போய்வந்தாள். அந்த வயசில். யாரும் எதுவும் கேட்கவில்லை.

எழிலரசி பஞ்சாயத்து ஆபீஸுக்குப் பக்கத்தில் இ-சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் நடத்துகிறவள். புருஷன் தணிகாசலம் அவில்தாராக அஸ்ஸாமில் இருந்தான். மூன்று வயசுப் பெண் இனியாவை மேஜைக்கு அடியில் விளையாடவிட்டு, ஊருக்கெல்லாம் சாதிச் சான்றிதழும் பட்டா நகலும் எடுத்துக் கொடுப்பாள். கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்பதால் பிரசிடெண்ட் ஏழுமலை அவளைத் தேடி வந்தார். ரோடு தோண்டும்போது கிடைத்த ஒரு பித்தளைப் பொத்தானை மேஜைமேல் வைத்தார். ராஜா கிரீடம் போட்ட பொத்தான்.

"எழிலு, சிப்பாய்க்கும் அவில்தாருக்கும் சல்யூட் கெடையாது. ஆபீசருக்குத்தான். பொத்தானப் பாத்தா பெரிய சண்டைக் காலம். அந்தக் காலத்துல ஆபீசருன்னா யாரு? துரைங்க. அப்ப பாலத்துக்குக் கீழ ஒரு துரை படுத்துக்கினு இருக்காரு. யாருன்னு கண்டுபிடி. பேரு தெரிஞ்சா கல்லு நட்டுடலாம். வளைவு கட்டலாம். வெளிநாட்டுலருந்து ஆளுங்க வருவாங்க."

எழிலரசி தேட ஆரம்பித்தாள். சும்மா ஆரம்பித்தது பைத்தியமாகவே ஆகிவிட்டது. அந்தக் காலத்துப் பட்டாள ஆபீசர்களின் பெயர்களை யாரோ புண்ணியவான்கள் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார்கள். யார் எப்போது லெப்டினெண்ட் ஆனான், யார் கேப்டன் ஆனான், யார் எந்த ஆற்றங்கரையில் செத்தான் என்று அவள் படித்துக்கொண்டே போனாள், அரிசி உலையில் பொங்குவதை மறந்து படித்தாள், ஒரு மழைக்கு லெப்டினெண்ட்டாக இருந்தவன் அடுத்த மழைக்கு மேஜராகி அதற்கடுத்த மழையில் இல்லாமல் போவதைப் பார்த்து, முன்பின் தெரியாத அந்தப் பையன்களுக்காக மூக்கைச் சிந்தினாள். துரைமார்களுக்கு முழுப் பெயர் இருந்தது, பிறந்த ஊர் இருந்தது, அப்பா பெயர் இருந்தது. சுபேதார், ஜமேதார் என்று நம்மாட்கள் கடைசியில் ஒற்றைப் பெயரோடு நின்றார்கள். அதுவும் தப்பும் தவறுமாக. அதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தாண்டிப் போனாள். துரையைத்தானே தேடச் சொன்னார்கள்.

கடைசியில் ஒருத்தர் கிடைத்தார். கேப்டன் ஹார்ட்லி. வேலூரில் ஆள் எடுக்க வந்து, ஊர் ஊராகச் சுற்றி, சண்டையின் கடைசி வருஷத்தில் காணாமல் போனவர். கல்லறை கிடையாது. அவருடைய கொள்ளுப்பேரன் எட்வர்ட் என்பவர் இங்கிலாந்திலிருந்து எங்கெங்கோ விசாரித்துக்கொண்டிருந்தார். எழிலரசி அவருக்கு மெயில் போட்டாள். பிரசிடெண்ட் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். அவளுக்கும் சந்தோஷம்தான். இல்லை என்று சொல்ல முடியாது.

எட்வர்ட் வந்தார். ஒல்லியாக, வெயிலில் சிவந்துபோய், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். உண்மையிலேயே வாத்தியார்தான். கூட போட்டோ எடுக்க ஒரு வெள்ளைக்கார சிநேகிதர். எட்வர்ட் கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. கேப்டனுக்கு அவருடைய பெண்சாதி இந்த மாதிரி டப்பாவில்தான் அனுப்புவாளாம், கடைசி டப்பா திரும்பி வந்துவிட்டதாம், அதனால் அதே டப்பாவில் புதுசாகச் சுட்டு எடுத்து வந்திருக்கிறாராம். எழிலரசி அதை ஊருக்குத் தமிழில் சொன்னபோது பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

ஊரே கூடி நிற்க, மேளக்காரர் வாசிக்க, எட்வர்ட் பாலத்தில் கால் வைத்தார்.

கை எழும்பவில்லை.

அவர் நடந்தார். பாலத்தின் கடைசிவரை போனார். திரும்பி வந்தார். இரண்டு கையும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. சிநேகிதரும் போய்வந்தார். அவருக்கும் எழும்பவில்லை. மேளக்காரர் நிறுத்திவிட்டார். எட்வர்ட் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார், அது தன்னை விட்டுக்கொடுத்துவிட்ட மாதிரி.

பிரசிடெண்ட்தான் சமாளித்தார். "இதுல இன்னா அதிசயம்? சொந்தக்காரனுக்கு எதுக்குய்யா சல்யூட்டு? நம்ம வூட்டுப் புள்ளைங்க நமக்கு சல்யூட்டா அடிக்குது? கேப்டனுக்குத் தெரியுது, வந்திருக்கறது கொள்ளுப்பேரன்னு!"

ஊர் கைதட்டியது. எழிலரசி அதை இங்கிலீஷில் சொன்னாள். எட்வர்டின் கண் கலங்கியது. அவருக்கு அது வேண்டியிருந்தது, அதனால் நம்பினார். வருகிற வெள்ளிக்கிழமை கல் நடுவதாக முடிவாயிற்று. கல்லில் கேப்டன் ஹார்ட்லி என்று வெட்டச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

எழிலரசிக்கு மட்டும் அந்தச் சிநேகிதர் தொண்டையில் முள்ளாக நின்றார். அவரும் சொந்தமா? எந்த வழியில்?

மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்து பாலத்தையே பார்த்தாள். ஒவ்வொருத்தர் கையும் எப்படி எழும்புகிறது என்று பார்த்தாள். பாலத்தில் கால் பெருவிரல் பட்டவுடனே எழும்பியது. ஓய்வுபெற்ற சிப்பாய்க்கும் எழும்பியது, அவில்தாருக்கும் எழும்பியது, நாயப் சுபேதார் கோவிந்தனுக்கும் எழும்பியது. அப்புறம் ஆனரரி கேப்டன் திருவேங்கடம் வந்தார். ஊரிலேயே பெரிய பதவியோடு ஓய்வு பெற்றவர். மீசையை முறுக்காமல் கொல்லைக்குக்கூடப் போக மாட்டார். அவருடைய கையும் எழும்பியது. ஆனால் ஒரு அடி தாமதமாக எழும்பியது.

எழிலரசி அவர் வீட்டுக்குப் போய் நேராகவே கேட்டாள்.

"மாமா, உங்க கை தானா எழும்புதா, நீங்களாத் தூக்குறீங்களா?"

"இன்னா கேள்வி இது? யார்கிட்ட வந்து இன்னா கேக்குற நீ?" என்று அவர் எழுந்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு, "கதவச் சாத்துமா" என்றார்.

அவர் கை முதல் நாளிலிருந்தே எழும்பவில்லை. தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு, இத்தனை வருஷம் தின்ற பட்டாளத்துச் சோறு தன் கையில் ஒட்டவில்லை என்று நினைத்து, யாருக்கும் தெரியாமல் இருக்கத் தானே தூக்கிக்கொண்டிருந்தார்.

"கோளாறு இல்ல மாமா. நீங்க கேப்டன். உங்களுக்குக் கீழ இருக்கறவருக்கு உங்க கை எப்படி எழும்பும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப உள்ள இருக்கறவரு கேப்டனுக்குக் கீழ," என்றாள் எழிலரசி. "ஹார்ட்லி கேப்டன். அவரு இல்ல. ஆனா கோவிந்தன் தாத்தாவுக்கு எழும்புது. நாயப் சுபேதாருக்கு மேல, கேப்டனுக்குக் கீழ. யாரோ ஒரு லெப்டினெண்ட்டு துரையா?"

"லெப்டினெண்ட்டா இருந்தா அந்த வெள்ளைக்காரனுங்க கை எழும்பியிருக்குமே." கேப்டன் மெதுவாகச் சொன்னார். சொல்லும்போதே அவர் குரல் மாறியது. "அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் சல்யூட் அடிக்காத ஆபீசரு ஒரு சாதிதாம்மா. நம்மாளுங்க. சுபேதார், அவனுக்குக் கீழ ஜமேதார், இப்ப நாயப் சுபேதார்ங்கறோமே அது. வைஸ்ராய் கமிஷன்னு பேரு பெத்த பேரு. நம்ம சிப்பாய் அடிப்பான். வெள்ளைக்கார சிப்பாய் பீடியக்கூட எறக்க மாட்டான், அப்படியே தாண்டிப் போவான். எங்கப்பா ஜமேதாரு. சாவுற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லி வயிறெரிஞ்சாரு."

இரண்டு பேரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். அந்தச் சண்டைக்குப் போன சுபேதார்கள் எல்லோரும் ஊரில் ஏதாவது ஒரு கூடத்தில் போட்டோவாக இருந்தார்கள், சமாதியாக இருந்தார்கள். கணக்கில் வராதவர் ஒரே ஒருத்தர்.

சாயந்தரம் டீக்கடையில் ஊர் கூடியிருந்தபோது கேப்டன் எழுந்து நின்று, "என் கை எழும்பல. நானாத்தான் தூக்கினேன்" என்றார்.

"இத்தினி நாளாவா?" என்றான் சம்பங்கி.

"இத்தினி நாளா."

பிறகு அவர் விஷயத்தைச் சொன்னார். முனிரத்தினம் என்ற பெயர் வந்ததும் ஊர் கொதித்தது. துரை இருந்த இடத்தில் ஓடிப்போனவனா? வளைவு கட்டப்போகிற இடத்தில் ஆட்டுக்காரி கன்னியம்மா அப்பனா?

"யோவ் கேப்டனு, ஓடிப்போனவனுக்கு எந்த ஊருலய்யா சல்யூட்டு?" என்றார் பிரசிடெண்ட். "அவ்ளோ ஏன்? அவுரு பொண்ணே அங்க இன்னா பண்ணுச்சு? ரெண்டு கையும் தூக்கி சரண்டர் ஆச்சு. ஊரே பாத்துது. எழிலு, நீகூடச் சிரிச்சியே!"

எழிலரசி சிரித்தது உண்மை. ஏன் இரண்டு கை என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. கல்லில் ஹார்ட்லி என்று உளி விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பெயரைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். வெள்ளிக்கிழமை அது நட்டுவிட்டால் அப்புறம் யார் பிடுங்குவார்கள்?

வியாழக்கிழமை தணிகாசலம் லீவில் வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி, டிரங்குப் பெட்டியை இடது கையில் பிடித்து, பாலத்தில் கால் வைத்தான். வலது கை எழும்பி நின்றது. ஊர்ப்பக்கம் எழிலரசி நின்றிருந்தாள், இடுப்பில் இனியா. குழந்தை அவனைப் பார்த்தே ஒரு வருஷம் ஆகப்போகிறது. போனில் பேசுகிற மூஞ்சியையும் வருகிற ஆளையும் கொஞ்ச நேரம் பொருத்திப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். பிறகு இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, பாலத்துக்கு இந்தப்பக்கம் ஓடிப்போய் நின்று, மூஞ்சியை அண்ணாந்து, இரண்டு கையையும் நேராக மேலே, விரல்களை விரித்துத் தூக்கினாள்.

"தூக்கு," என்றாள்.

தணிகாசலத்தால் உடனே தூக்க முடியவில்லை. அவன் இன்னும் பாலத்தில் இருந்தான், கை இன்னும் புருவத்தில் இருந்தது. அவன் வந்து சேருகிறவரை அந்தக் குழந்தை அப்படியே, கையை இறக்காமல், நின்றுகொண்டே இருந்தது.

எழிலரசி புருஷனைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். தணிகாசலம் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "இன்னாடி, நான் வந்ததுக்கா அழுவுற?" என்றான்.

"உனக்கில்ல, போ," என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் இனியாவைத் தூக்கிக்கொண்டு கன்னியம்மாள் வீட்டுக்குப் போனாள். கன்னியம்மாள் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தே, பாலத்துக்கு வா."

"எதுக்கு? கெழவி கையத் தூக்கறதப் பாக்க டிக்கெட்டு போட்டிருக்கீங்களா?"

"அன்னிக்கு நான் சிரிச்சேன். தப்புதான். இப்ப வா."

"போடி வேலையப் பாத்துக்கினு. எங்கப்பன் பண்ண தப்புக்கு நான் சரண்டர் ஆனேன். ஆச்சு. தெனமும் வேற ஆவணுமா?"

எழிலரசிக்கு விளக்கிச் சொல்லப் பொறுமை இல்லை. சொன்னாலும் வார்த்தை சரியாக வராது. குழந்தையைக் கீழே விட்டாள். இனியா ஆட்டைப் பார்த்தாள், பயந்தாள், பக்கத்தில் இருந்த ஆளிடம் திரும்பி இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

கன்னியம்மாள் அதைப் பார்த்தாள். ஆடு அவள் முந்தானையை மென்றது. அவள் அதைக்கூட விலக்கவில்லை. அப்புறம் குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி குழந்தையைத் தூக்கினாள்.

"அவுரு மூஞ்சிகூட எனக்கு ஞாபகமில்லடி," என்றாள்.

"உனக்கு இல்ல. கைக்கு இருக்குது."

கன்னியம்மாள் உள்ளே போய் மூஞ்சியைக் கழுவினாள். பெட்டியிலிருந்து கத்திரிப்பூக் கலர் சேலையை எடுத்துக் கட்டினாள். தலையை வாரி, பிறகு கலைத்து, பிறகு வாரினாள். வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"எழிலு."

"இன்னா அத்தே?"

"இந்தக் கனத்த அவரு தூக்குவாரா?"

பாலத்துக்கு முன்னால் கூட்டம். டிராக்டரில் கல் வந்து இறங்கியிருந்தது. சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார்கள். எட்வர்ட் பிஸ்கட் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றார். கன்னியம்மாள் தெருவில் வருவதைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. சம்பங்கி வாயைத் திறந்தான், கேப்டன் அவனைப் பார்த்தார், மூடிக்கொண்டான்.

அவள் ரப்பர்ச் செருப்போடு நடந்துபோய்ப் பாலத்தில் கால் வைத்தாள். இரண்டு கையும் எழும்பின. நேராக மேலே, விரல்கள் விரிந்து. முகம் அண்ணாந்தது. போன தடவை அவள் பயந்து ஓடிவிட்டாள். இந்தத் தடவை ஓடவில்லை. நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, சிமெண்ட் காய்ந்துகொண்டிருந்தது, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, தணிகாசலத்தின் தோளில் இருந்த இனியா மட்டும் எல்லாம் தெரிந்த மாதிரி விரலைச் சப்பிக்கொண்டிருந்தது, கன்னியம்மாள் கையை இறக்காமல் நின்றுகொண்டே இருந்தாள்.

அப்புறம் செருப்பு இரண்டும் ரோட்டிலேயே கிடந்தன.

கால்கள் அதற்குமேலே இருந்தன. முழங்கால் உயரம் இருக்கும், அதற்கு மேலேயும் இருக்கும். ஒரு கால் ஆடியது. தூக்கின கைகள் இறங்கி, அங்கே ஒரு கழுத்து இருக்கிற மாதிரி சுற்றி வளைந்தன. கன்னியம்மாள் கன்னத்தைக் காற்றின்மேல் சாய்த்தாள். கத்திரிப்பூச் சேலை ஒரு தோளில் மடங்கிக் கசங்குவது நன்றாகவே தெரிந்தது.

"தாடி குத்துது," என்றாள். அவள் குரலில் இல்லை அது. ரொம்பச் சின்னக் குரலாக இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. கேப்டன் திருவேங்கடம் கையைத் தூக்கிப் புருவத்தில் வைத்தார். பாலத்துக்கு வெளியே நின்றுதான் வைத்தார். பக்கத்தில் பிரசிடெண்ட் வைத்தார். சம்பங்கி டீ வடிகட்டியைப் பிடித்த கையாலேயே வைத்தான், நெற்றியில் டீ வழிந்தது. எட்வர்டும் வைத்தார். அவருக்கு யாரும் எதையும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. வைத்துவிட்டு, அழுதுகொண்டே, எழிலரசியிடம், என்னுடையவர் இன்னும் எங்கேயோ இருக்கிறார் இல்லையா என்றார். இருக்கிறார், தேடலாம், கூட நானும் தேடுகிறேன் என்றாள் அவள். பிஸ்கட்டை ஊர்ப் பிள்ளைகள் தின்றார்கள். நன்றாக இருந்ததாம், இஞ்சி கொஞ்சம் தூக்கலாம்.

கன்னியம்மாளை மெதுவாக இறக்கிவிட்டார்கள். இறக்கிவிட்டார் என்று சொல்ல வேண்டும். கால் செருப்புக்குள்ளேயே சரியாக வந்து இறங்கியது.

முனிரத்தினம் லீவு வாங்கிக்கொண்டு வந்தவரா, வாங்காமல் ஓடி வந்தவரா என்பது இன்றைக்கு வரைக்கும் தெரியாது. எழிலரசி எவ்வளவோ தேடிவிட்டாள். அந்த வருஷம் ஏரி உடைந்து வாய்க்காலில் வெள்ளம் போனது என்று மட்டும் வயசானவர்கள் சொன்னார்கள். அப்போது பாலம் கிடையாது. எப்படி வந்தாலும், வந்தது வீட்டுக்குத்தான். நீந்தத் தெரியாதவர் அவசரப்பட்டு இறங்கியிருக்கிறார். தோண்டிப் பார்க்கலாமா என்று பிரசிடெண்ட் கேட்டபோது கன்னியம்மாள், "தூங்கட்டும் உடு" என்றாள்.

கல்லை வீணாக்கவில்லை. திருப்பிப் போட்டு, பின்பக்கம் வெட்டினார்கள். சுபேதார் முனிரத்தினம் என்று வெட்டிவிட்டு, கீழே இன்னும் இடம் இருக்கிறது, வீரர், தியாகி, ஏதாவது போடலாமா என்று கல்தச்சர் கேட்டார்.

"கன்னியம்மா அப்பான்னு போடு," என்றாள் அவள். அப்படியே போட்டார்கள்.

அன்றைக்கு அப்புறம் சின்னப்பாலத்தில் யாருடைய கையும் தானாக எழும்புவதில்லை. எழுப்ப வேண்டுமென்றால் நாமேதான் எழுப்ப வேண்டும். குடம் தூக்குகிறவர்கள் இன்னும் இடது இடுப்பில்தான் வைக்கிறார்கள், டவுன் பஸ் இன்னும் ஊர்ந்துதான் போகிறது. புதுசாக எதையும் பழக வேண்டியில்லாதவர் கேப்டன் ஒருத்தர்தான்.

கன்னியம்மாள் இப்போது ஏரிக்கரைப் பக்கம் சுற்றுவதில்லை. பாலத்து வழியாகத்தான் போகிறாள், வருகிறாள். ஆனால் பாலம் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறாள். தார் ரோடு பொசுக்குகிற வெயிலில்கூட. ஏன் அத்தே, கால் வெந்துபோவாதா என்று எழிலரசி ஒருநாள் கேட்டாள்.

"கீழ வுழுந்துட்டா யாருடி திரும்ப எடுத்தாறது?" என்றாள் கன்னியம்மாள். "எப்பத் தூக்குவாருன்னு தெரியாதில்ல."